குறைந்த விலையில் பனிக்காலக் கூடாரம்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது

விலை குறைந்த பனிக்காலக் கூடாரம் கிடைக்கும்; ஆனால் அது கனமாக இருக்கும். விலையும் குறைவு, கனமும் இல்லை, நான்கு பருவத்துக்கும் தாங்கும் என்று ஒரு கூடாரம் விற்கப்பட்டால், அதில் கூடாரத்தைத் தாங்கும் வளைகம்பியோ துணியோ தையலோ ஏதோ ஒன்றில் கைவைத்திருப்பார்கள். பெரும்பாலும் கம்பியில்தான். ‘நான்கு பருவம்’ என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒரே அளவுகோல் அதற்குக் கிடையாது. ஒரு கூடாரத்துக்கு அடியில் பாவாடை மாதிரி ஒரு துணியைத் தைத்துவிட்டு அந்தச் சொல்லை அச்சடிப்பவர்களும் உண்டு.

பையில் ஒரு கிலோ கூடுதலாகச் சுமக்கத் தயாராக இருந்தால் பணம் மிச்சமாகும். கம்பியில் மிச்சம் பிடித்தால் நடு இரவில் கூடாரம் முகத்தின் மேல் கிடக்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டியதுதான்.

தாங்க வேண்டிய சுமை

புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். ஈரப்பனி 300 கிலோவையும் தாண்டும். இருவர் படுக்கும் கூடாரத்தின் கூரைப் பரப்பை 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. உலர்பனியே 15 முதல் 30 கிலோ. அதே உயரத்துக்கு ஈரப்பனி என்றால் 90 கிலோ. காற்றும் அப்படித்தான்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கி.மீ. காற்றில் அசையாமல் நின்ற கூடாரம் 80 கி.மீ. காற்றிலும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தச் சுமையைத் தாங்குவது கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான். சாதாரண டோம் (குவிமாட வடிவக்) கூடாரத்தில் இரண்டு கம்பிகள் உச்சியில் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும். நடுவில் பெரிய பெரிய துணிப்பரப்புகள் பிடிமானமில்லாமல் கிடக்கும். பனி அங்கேதான் தேங்கிக் குழியாகும். மூன்றாவது கம்பி வந்தவுடன் ஒவ்வொரு கம்பியிலும் தாங்கலில்லாத நீளம் குறைந்துவிடுகிறது. அதனால் விறைப்பு நிறையக் கூடும். நான்கு, ஐந்து கம்பிகள் கொண்டவை கடும்புயலுக்கானவை. அவற்றில் மலிவானது அரிது. மரங்கள் அடர்ந்த எல்லைக்குள்ளும் அதைச் சற்றுத் தாண்டியும் தங்குபவர்களுக்கு மூன்று கம்பி போதும். திறந்த முகட்டில், மறைப்பே இல்லாத பனிவெளியில் தங்குவதென்றால் இந்த விலைப் பிரிவையே விட்டுவிட்டு, வாடகைக்கு எடுப்பது நல்லது.

கம்பி எதனால் ஆனது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஃபைபர் கிளாஸ் கம்பி வளைந்து எச்சரிக்கை தராது; உலோகக் குழல் பொருந்தும் நுனியில் நீளவாக்கில் பிளக்கும், சிம்பு துணியைக் கிழிக்கும். அலுமினியம் முதலில் வளையும். வளைந்த இடத்தின் மேல் பழுதுபார்க்கும் சிறு குழல் ஒன்றை ஏற்றி டேப் சுற்றினால் அன்றிரவு தாண்டிவிடும். 7001 அல்லது 7075 என்று உலோகக் கலவை எண் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8.5 மி.மீ. தடிமன் பொதுவாகக் கிடைப்பது. மூன்று கம்பி இருந்தால் அது போதும். இரண்டே கம்பி என்றால் 9.5 மி.மீ.க்குக் குறைந்து போகாதீர்கள்.

ஏற்கெனவே கையில் ஃபைபர் கிளாஸ் கூடாரம் இருந்தால், கம்பியை மட்டும் அலுமினியத்துக்கு மாற்றலாம். பழைய கம்பியை முழுதாகக் கோத்து, நுனி முதல் நுனி வரை அளந்து அதே நீளம் வாங்க வேண்டும். மூன்று நான்கு செ.மீ. கூடினாலே மூலைத் தையல் இழுபட்டுப் பிரியத் தொடங்கும். குறைந்தால் துணி தொய்ந்து காற்றில் படபடக்கும்.

கிடைப்பவற்றில் சில

குவெச்சுவா எம்எச்100 போன்ற தொடக்கநிலை டோம்கள் கோடைக்கானவை. ஃபைபர் கிளாஸ் கம்பி, ஒரே வெட்டுமிடம். காற்றில்லாத உறைபனி இரவுக்கு இவை போதும், ஏனென்றால் அப்போது குளிரைத் தாங்குவது ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் மேட்டும்தான். பனி விழும் என்று வானிலை சொன்னால் இதை எடுத்துப்போக வேண்டாம்.

நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 பலரும் முதலில் கேட்பது. 20 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) சிலிக்கான் நைலான், ஒன்றரை கிலோவை ஒட்டிய எடை, பனிப் பாவாடை தைத்த வகையும் உண்டு. அந்தப் பாவாடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. எலும்புக்கூடு குளிர்காலம் நீங்கலான மூன்று பருவக் கூடாரத்துடையதே: தலைப்பக்கம் இரண்டாகப் பிரியும் ஒரே கம்பி நடுமுதுகாகக் கால்மாட்டுக்கு ஓடுகிறது. கால்பக்கத்து இரு மூலைகளையும் முளை அடித்து இழுத்தால்தான் உள்ளே இடம் கிடைக்கும். பனியில் சாதாரண முளை நிற்காது. பக்கச்சுவர்கள் நீளமாக, தாங்கலின்றி இருப்பதால் பனி உள்நோக்கி அமுக்கும். உள்ளே அகலம் சுமார் 125 செ.மீ.; குளிர்காலப் படுக்கையோடு இருவர் படுத்தால் இரண்டு பக்கமும் ஈரச்சுவரில் உரசும். ஒருவர் மட்டும், காற்று மறைவான இடத்தில், லேசான பனியில் தங்குவதற்கு நல்ல கூடாரம். இருவருக்கு மலையில் பரிந்துரைக்க மாட்டோம்.

3எஃப் யுஎல் கியர் லான்ஷான் 2 டிரெக்கிங் கம்புகளில் நிற்பது. 15 டெனியர் துணியின் இருபக்கமும் சிலிக்கான் பூச்சு, ஒன்றே கால் கிலோவுக்குள் எடை. இதன் நிலைப்பு முழுக்க முளைகளின் கையில். ஒரு முளை பனியில் பிடுங்கிக்கொண்டால் பாதிக் கூடாரம் போய்விடும். புதைநங்கூரம் (பனியில் கிடையாகப் புதைக்கும் முளை) போடுவதில் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். வாங்கினால், மேல்துணிக்குள் தொங்கும் உள்கூடாரம் வலையாக இல்லாமல் துணியாக உள்ள வகையை வாங்குங்கள். இருபக்கச் சிலிக்கான் துணியில் தையல் டேப் ஒட்டாது. தையல்களில் சிலிக்கான் பசையை நீங்களே தேய்த்து ஒரு நாள் காயவிட வேண்டும்.

நாங்கள் சொல்லும் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது ஆல்ப்ஸ் மவுண்டனீரிங் டாஸ்மேனியன் 2 வகை: மூன்று அலுமினியக் கம்பி, பாலியஸ்டர் மேல்துணி, இரண்டு கதவு, மூன்றரை கிலோவை ஒட்டிய எடை. இருவர் பிரித்துச் சுமந்தால் தலைக்கு இரண்டு கிலோவுக்குள். அழகாக இராது, சிறிதாகவும் மடங்காது. ஆனால் முளை அடிக்காமலே தன் காலில் நிற்கும், பனியைத் தாங்கும். இதே அமைப்பில் வேறு பெயர்களிலும் கிடைக்கும். பெயரைவிட அமைப்பைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வழி, நல்ல மலைக்கூடாரம் ஒன்றைப் பழையதாக வாங்குவது. மேல்துணியின் உட்புறத்தைக் கையால் தடவுங்கள். பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் இருந்தால் பாலியூரிதேன் பூச்சு சிதைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது. தையல் டேப் உரிந்திருப்பதும், கம்பிக்குள் ஓடும் ரப்பர் கயிறு தளர்ந்திருப்பதும் சரிசெய்யக்கூடியவை. அவற்றுக்காக ஒரு நல்ல கூடாரத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

துணி, தரை, உள்கூடாரம்

நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். இரவில் எழுந்து கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும். பாலியஸ்டர் தொய்யாது, உயரத்தில் கடுமையாகும் புற ஊதாக் கதிரையும் கூடுதல் நாள் தாங்கும். ஒரே எடையில் நைலானுக்குக் கிழிபடாத வலு அதிகம் என்பது உண்மை. கனத்தை ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நமக்குத் தடித்த பாலியஸ்டரே லாபம்.

நீர்தாங்கும் அளவு (துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம்) 5000 மி.மீ. என்று மேல்துணிக்குப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். உலர்பனிக்கு 1500 மி.மீ.யே போதும். பெரிய எண்ணைத் தரைத்துணியில் தேடுங்கள். உடல் சூட்டில் அடியில் உள்ள பனி உருகும், முட்டி ஊன்றும் இடத்தில் அழுத்தம் ஏறும். தரைக்கு 3000 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

உள்கூடாரம் முக்கால்வாசிக்கு மேல் துணியாக இருக்க வேண்டும். வலை என்றால் ஜிப் போட்டு மூடும் துணி மடிப்பு வேண்டும். காற்று அடித்தால் மாவு போன்ற பனித்தூள் மேல்துணிக்கு அடியில் புகுந்து, வலை வழியாக ஸ்லீப்பிங் பேக்கின் மேல் விழும். அது உருகி, பேக்குக்குள் இருக்கும் இறகு நனைந்தால் வெப்பம் போச்சு. துணிச்சுவர் கூடாரத்தைப் பெரிதாகச் சூடாக்காது. காற்றையும் தூளையும் தடுப்பதே அதன் வேலை.

பனிப் பாவாடையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. 20 முதல் 30 செ.மீ. அகலத்துக்கு வெளியே விரித்து அதன் மேல் பொடிப்பனியைப் போட வேண்டும். ஈரக்கட்டிகளை வைத்தால் காலையில் பாறையாக உறைந்திருக்கும், பிடுங்கும்போது தையல் கிழியும். பாவாடையை மூடிவிட்டால் அடிக்காற்று நின்றுபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. இருவரின் மூச்சும் உடலும் ஓர் இரவில் சுமார் அரை லிட்டர் ஈரத்தை வெளியேற்றும். அது வெளியேற வழியில்லாவிட்டால் உட்சுவரில் உறைபனியாகப் படிந்து, கம்பி அசையும்போதெல்லாம் தலையில் கொட்டும். ஆகவே மேலே இரண்டு காற்றுத்துளைகள், அவை மடங்கி விழாமல் முட்டுக்கொடுக்கும் சிறு குச்சி, மேலிருந்து கீழாகவும் திறக்கும் கதவு ஜிப் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாவாடையின் காற்றுப்படாத பக்கத்தை மட்டும் திறந்தே விடுங்கள்.

அடுப்பை உள்ளே பற்றவைக்கக் கூடாது. பனி மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும், தீப்பிடித்தால் துணி நொடிகளில் உருகும். சமையல் வெளியில்தான். புயலில் வேறு வழியே இல்லையென்றால், கதவுக்கு முன்னால் மேல்துணி மூடும் தாழ்வாரத்தில், கதவை மேலே அகலத் திறந்து வைத்துவிட்டு.

வாங்கும்போது பலரும் பார்க்காதது

இழுகயிறு கட்டும் வளையங்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் நேர் உட்புறத்தில், மேல்துணியைக் கம்பியோடு பிணைக்கும் வெல்க்ரோ பட்டி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கயிறு துணியைத்தான் இழுக்கும், கம்பியை அல்ல. பலத்த காற்றில் துணி ஒரு பக்கமும் கம்பி ஒரு பக்கமும் போகும். விலையைக் குறைக்க நீக்கப்படுபவற்றில் இந்தப் பட்டியும் ஒன்று. தையல் தெரிந்தவர்கள் கம்பி செல்லும் வரியில் சிறு பட்டி தைத்து, ஊசித்துளையில் பசை பூசிக்கொள்ளலாம். வளையங்கள் குறைந்தது எட்டு வேண்டும்.

அளவில், இருவர் என்றால் முடிந்தவரை மூவர் கூடாரம். உள்நீளம் 220 செ.மீ.க்குக் குறைந்தால், தடித்த மேட்டும் பருத்த ஸ்லீப்பிங் பேக்கும் சேரும்போது கால்முனை சுவரில் பட்டு நனையும். இரண்டு கதவுகள் இருந்தால் ஒன்று பனியில் புதைந்தாலும் மற்றதில் வெளியேறலாம். ஜிப்பின் இழுப்பான் சிறியதாக இருந்தால், தடித்த கையுறையோடு பிடிக்க ஒரு கயிற்றுத்துண்டைக் கட்டிவிடுங்கள்.

பனியில் நிறுத்துவது

இடத்தை மிதித்துக் கெட்டியாக்கி அரை மணி நேரம் விடுங்கள். மிதித்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் இடுப்பு படும் இடம் இரவில் குழியாகும், அந்தக் குழி அப்படியே உறையும். கதவு காற்றுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

முளையை நேராகக் குத்தாதீர்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் கிடையாகப் புதைத்து, அல்லது பனி நிரப்பிய சிறு பையைப் புதைத்து, மேலே மிதித்துக் கால் மணி நேரம் கழித்து இறுக்குங்கள். கயிற்றை நங்கூரத்தில் முடிச்சுப் போடாமல் சுற்றிக்கொண்டுவந்து மேலே கட்டினால், காலையில் ஒரு முனையை அவிழ்த்து உருவிக்கொள்ளலாம். புதைந்த நங்கூரத்தைத் தோண்டும்போது கயிறு சிக்காது.

பல மலிவுக் கூடாரங்களில் உள்கூடாரம்தான் முதலில் நிற்கும். பனி விழும்போது அதற்குள் பனி நிறையும். கிளம்பும் முன்பே வீட்டில் மேல்துணியைக் கம்பியில் மாட்டி, அதற்கடியில் உள்கூடாரத்தைக் கொக்கியிட முடிகிறதா என்று, கையுறையோடு, பார்த்துவிடுங்கள். மூன்று கம்பி டோம்கள் சிலவற்றில் இது நடக்கும், சிலவற்றில் நடக்காது. கம்பியைத் துணியுறைக்குள் தள்ளித்தான் நுழைக்க வேண்டும். இழுத்தால் மூட்டு கழன்று உள்ளே சிக்கும். மூட்டு உறைந்திருந்தால் முறுக்காமல், கையால் பொத்திச் சூடேற்றிக் கழற்றுங்கள்.

பனி விழும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருந்தபடி சுவரைத் தட்டி உதற வேண்டும். வழிந்த பனி சுவரோரம் குவிந்து காற்றுத்துளையை எட்டினால் வெளியே போய் அள்ளியே ஆக வேண்டும். மண்வாரி துணியில் படாமல் இருக்க, கடைசி ஒரு சாண் அகலத்தைக் கையால் தள்ளுங்கள்.