எம்பெடட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் அந்த அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள்

எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிகளுக்குள் பொதிந்து அவற்றை இயக்கும் சிறு கணினிகள்) பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதத்தையும் என் சேமிப்பு முழுவதையும் இழந்திருக்கிறேன். அதே வாசலில் இன்னொருவர் போய் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேரும்போது தந்த பாடத்திட்டத்தில் ஆர்ம் கார்டெக்ஸ் செயலிகள், ஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம், வாகனக் கருவிகளை இணைக்கும் கேன் பஸ், பிழைகளைத் தேடிக் களையும் டிபக்கிங் எல்லாம் இருந்தன. ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள், மின்னழுத்த மாற்றங்களைத் திரையில் வரைந்து காட்டும் ஓர் ஆஸிலாஸ்கோப்பையும் காட்டினார்கள். கடைசி நாள் வரை அந்த அலமாரி திறக்கப்படவே இல்லை. முதல் மூன்று மாதங்கள் 1980-இல் வந்த 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லை வைத்தே ஓட்டினார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை; சில்லின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களைப் புரிந்துகொள்ள அது நல்ல தொடக்கம்தான். ஆனால் எங்களுக்கு வாய்த்ததோ, எழுதிவைத்த நிரலைப் பார்த்துத் தட்டச்சு செய்வது மட்டுமே. எல்இடி எரிந்தால் அடுத்த பாடம். ஏன் எரிந்தது என்று கேட்டால், "அது பிறகு வரும்" என்பார்கள். வரவில்லை.

எவ்வளவு ஏமாந்திருக்கிறேன் என்பது முதல் நேர்காணலில்தான் தெரிந்தது. ஒரு போர்டில் ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு தடத் தொடர்பு வழியாக வெப்பநிலை சென்சாரை இணைத்திருந்தார்கள். அது பதில் தரவில்லை; காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் நிரலையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அங்கிருந்த பொறியாளரே ஆஸிலாஸ்கோப்பின் முனையை வைத்துக் காட்டினார். இரண்டு தடங்களும் பூஜ்யத்திலேயே கிடந்தன. அந்தத் தொடர்பில் சில்லுகள் தடத்தின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும். மேலே ஏற்றுவதற்கு, தடத்தை மின்வழங்கலோடு இணைக்கும் புல்-அப் மின்தடை வேண்டும். அவர் 4.7 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை இணைத்தார், சென்சார் உடனே பேசியது. வகுப்பில் தந்த மாட்யூல்களில் அவை ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருந்தன. சில்லின் விவரக் கையேடான டேட்டாஷீட்டை ஒரு நாளாவது திறக்கச் சொல்லியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

"வேலைக்கு உத்தரவாதம்" என்றார்களே, அதன் பொருளும் பிறகுதான் விளங்கியது. இரண்டு ஆண்டு அனுபவம் இருப்பதாகப் பொய்ச் சான்று தயாரித்துத் தருவார்களாம். மறுத்தேன். "அப்படியானால் எங்கள் பொறுப்பு முடிந்தது" என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நான் கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினார்கள்: எக்காரணம் கொண்டும் கட்டணம் திரும்பத் தரப்படாது. படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. சான்றைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாதது அவர்கள் செய்த மோசடி.

பணம் கட்டும் முன், நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆய்வக வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு போர்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நிரல் நடுவில் நின்றுபோனால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். டிபக்கரை இணைத்து எந்த வரியில் நிற்கிறது என்று தேடுகிறார்களா, பயிற்றுநரை அழைத்துவிட்டுக் காத்திருக்கிறார்களா? முடித்த மாணவர் ஒருவருடைய புராஜெக்டைக் காட்டச் சொல்லி, அதில் ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பு ஏன் அப்படி வைக்கப்பட்டது என்று அவரிடமே கேளுங்கள். உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.