ரேடியோவுக்கு பட்டன்: எஃப்எல்ரிக்கா, ஹாம்லிப்பா?

வெள்ளவத்தை மாடி வீட்டில் இரவில் என் அமெச்சூர் ரேடியோவில் 40 மீற்றர் அலைப்பட்டையிலிருந்து 20 மீற்றருக்குத் தாவ, இப்போது கணினித் திரையில் ஒரே ஒரு பட்டன் போதும். அதை அமைக்க எஃப்எல்ரிக், ஹாம்லிப் என்று கணினியிலிருந்து ரேடியோவை இயக்கும் இரண்டு மென்பொருட்கள் உண்டு; இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

எஃப்எல்ரிக் கையோடு பட்டன்களைத் தருகிறது. பட்டனுக்கு ஒரு பெயர், அதற்கு ரேடியோவின் சொந்தக் கட்டளை, அவ்வளவுதான். என்னுடைய யாயெசு (Yaesu) கொம்பனி எஃப்டி-991ஏ ரேடியோவுக்கு ‘எஃப்ஏ’ (FA), அப்புறம் ஒன்பது இலக்கத்தில் ஹேர்ட்ஸ், கடைசியில் அரைப்புள்ளி. 14.074 மெகாஹேர்ட்ஸ் என்றால் 014074000. முன்னால் வரும் பூச்சியத்தை விட்டுவிட்டேன். ரேடியோ அசையவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் போனது. ஐகொம் கொம்பனி ரேடியோ என்றால் கட்டளை முழுக்க ஹெக்ஸ் எண்கள் (பதினாறை அடியாகக் கொண்டவை), இன்னும் கவனம் வேண்டும்.

ஹாம்லிப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ரிக்சிடிஎல்டி நிரலை ஓடவிட்டால் கணினியின் 4532ஆம் போர்ட்டில், அதாவது மற்ற நிரல்கள் வந்து இணையும் வாசலில், கட்டளைக்குக் காத்திருக்கும். ‘எஃப் 14074000’ என்று அனுப்பினால் சரி. பெரிய எஃப் (F) அலைவரிசையை மாற்றும், சின்ன எஃப் (f) ரேடியோ இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லும். நாளைக்கு வேறு கொம்பனி ரேடியோ வாங்கினாலும் மொடல் எண்ணை மாற்றினால் போதும், கட்டளை அப்படியே இருக்கும். ஆனால் பட்டனை நீங்களேதான் பைதன் நிரல்மொழியிலோ வேறொன்றிலோ எழுத வேண்டும்.

ஒரே ரேடியோ வைத்திருப்பவருக்கு எஃப்எல்ரிக்கைத்தான் சொல்வேன். நண்பர்களோடு பட்டன்களைப் பகிர நினைப்பவர் ஹாம்லிப்பில் தொடங்குங்கள். எதுவானாலும், ஒலிபரப்பைத் தொடங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தும் பட்டனையும் வையுங்கள்.