அரனேட்டாவா, பழைய அல்ட்ராவா? ஜாவோர்ஸ்கி ஆடிய இரண்டு அரங்குகள்

மணிலாவுக்குப் போய் பிபிஏ (பிலிப்பைன்ஸின் தொழில்முறை கூடைப்பந்து லீக்) ஆட்டம் பார்க்க நினைப்பவர்கள் யோசிக்காமல் கூபாவோவில் உள்ள அரனேட்டா கொலிசியத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் பேர்பெற்ற ராபர்ட் ஜாவோர்ஸ்கியை மனதில் வைத்துப் போகிறவர்களுக்கு அது பாதிதான் சரி. டொயோட்டா அணிக்கு ஆடி 1978-இல் அவர் எம்விபி (சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்) ஆன காலத்துக்குத்தான் அரனேட்டா பொருந்தும். கோச் ஜாவோர்ஸ்கி உருவானது பாசிக் நகரின் அல்ட்ராவில். 1985 முதல் 1992 வரை லீக்கின் வீடு அதுதான். இன்றைக்கு அதன் பெயர் பில்ஸ்போர்ட்ஸ் அரீனா. பிபிஏ ஆட்டங்கள் இப்போதும் அங்கே நடக்கின்றன.

முதலில் அரனேட்டா. 1960-இல் திறந்த வட்ட அரங்கம், பெரிய குவிமாடம். எம்ஆர்டி-3, எல்ஆர்டி-2 என்ற இரண்டு ரயில் தடங்களுக்குமே கூபாவோ நிலையம் உண்டு. ஆனால் இரண்டு நிலையங்களும் ஒட்டியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், மால்களுக்குள் நல்ல தூரம் நடக்க வேண்டும். உச்சிவரிசை ஜெனரல் அட்மிஷன் டிக்கெட் மலிவு, சத்தமும் அங்கேதான் அதிகம். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்டக்காரர்கள் கட்டைவிரல் அளவுதான் தெரிவார்கள். கோச் என்ன சைகை காட்டுகிறார் என்பதெல்லாம் கனவு. கூடைக்குப் பின்னால் கீழ்வரிசை கிடைத்தால் பலர் குதிக்கிறார்கள். பின்பலகையும் அதன் தாங்கியும் எதிர்முனையை மறைத்துவிடும், பாதி ஆட்டத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும். எடுக்க வேண்டியது ஸ்கோரர் மேசைக்கு எதிர்ப்பக்கம், நடுக்கோட்டையொட்டிய இருக்கை. இரண்டு பெஞ்சுகளும் நேர் எதிரே இருக்கும். யார் எழுகிறார், யாரை உட்காரவைக்கிறார்கள், டைம்-அவுட்டில் பலகையில் வரைவது தலைமை கோச்சா உதவியாளரா என்பதுவரை தெரியும்.

பில்ஸ்போர்ட்ஸ் அளவில் சிறியது. பக்கவாட்டில் மேல்வரிசையில் உட்கார்ந்தால்கூடக் களம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் இருக்கும். பெஞ்சைக் கவனிக்க அரனேட்டாவைவிட நூறு மடங்கு தேவலை. ஜாவோர்ஸ்கி 1985 முதல் கினெப்ரா அணியின் பிளேயிங் கோச், அதாவது ஆடிக்கொண்டே பயிற்சியும் தருபவர். அந்த ஆண்டே நார்தர்ன் கன்சாலிடேட்டட் (என்சிசி) அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கை இடித்து உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குப் போய் ஒன்பது தையலோடு திரும்பிவந்து ஆடி ஜெயித்தார். கினெப்ரா ரசிகர்களின் 'நெவர் சே டை' (கடைசிவரை விடாதே) முழக்கம் பிறந்த இரவு அதுதான். 1990-இல், அன்யேஹோ என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த தன் அணியை இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாதியிலேயே வெளியே அழைத்துப்போனார். கோப்பை எதிரணியான ஷெல்லுக்குப் போனது, அபராதம் 5.5 லட்சம் பெசோ. அதைக் கோச்சிங் என்று சொல்ல முடியாது, வெறும் கோபம். ஆனால் 1991-இல் அதே ஷெல்லுக்கு எதிராக 1-3 என்று பின்தங்கிய தொடரை ஏழாவது ஆட்டம்வரை இழுத்துக்கொண்டுவந்து, ரூடி டிஸ்ட்ரிட்டோவின் கடைசி நொடிக் கூடையில் வென்றார்கள். கோச்சாக அவருக்குக் கிடைத்த நான்கு பட்டங்கள் 1986, 1988, 1991, 1997. ஐம்பது வயதுக்குப் பிறகும் களம் இறங்கியவர், 1998-இல் செனட்டரானார்.

இந்த அரங்கின் குறை போக்குவரத்து. வாசலிலேயே ரயில் நிலையம் கிடையாது. ஷா புலவார்டிலோ ஒர்டிகாஸிலோ இறங்கி ஜீப்னி என்ற சிறு பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். மாலை நெரிசலில் அந்தக் கொஞ்ச தூரமே உயிரை வாங்கும்.

பெரும்பாலான நாட்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். கினெப்ரா ஆடுகிற நாளில் முதல் ஆட்டத்தின் பிற்பாதியிலேயே கூட்டம் ஏறிவிடும். இருக்கை எண் இல்லாத டிக்கெட் என்றால் அதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். இரண்டாவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் கடைசி ரயிலை மறந்துவிட வேண்டியதுதான்.