ஸ்பைடர்மேன் 3: திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்

2007 மே 4. அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிற நேரத்தில், மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டரில் நாங்கள் ஐந்து பேர் ஸ்பைடர்மேன் 3 பார்த்தோம். இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை எங்கே விடுவது என்று ஆபரேட்டருக்கே தெரியாது, யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று லைட் போட்டார்கள். அப்புறம் ஏசியும் நின்றுபோனது. வெளியே வந்து பஸ் வருகிறவரை படத்தைத் திட்டித் தீர்த்தோம். திட்டியதில் முக்கால்வாசி ஒரே விஷயத்துக்குத்தான்: ஸ்பைடர்மேனாக நடித்த டோபி மெக்வயர் நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு நடு ரோட்டில் ஆடிய அந்த ஆட்டம். "இதுக்கா நூறு ரூபா" என்றான் ஒருவன். டிக்கெட் எடுத்தது நான் என்பது வேறு கதை.

அதற்குப் பிறகு இந்தப் படத்தை முழுதாகப் பார்க்கவே இல்லை. போன மாதம் அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான், ஒன்பதாவது படிக்கிறான். "மாமா, மீம்ல ஒருத்தர் ஆடுவாருல்ல, அந்தப் படம் போடுங்க" என்றான். அவனுக்கு டோபியைத் தெரிந்ததே 2021ல் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக வந்த படத்தில்தான். அதில் மூன்று பேரில் மூத்தவராக, நிதானமாக வந்துபோனவர் இப்படி ஆடியிருக்கிறாரா என்று பார்க்க அவனுக்கு ஆசை. சரி, தமிழ் டப்பிங்கில் போட்டேன். பெயரே பீட்டராக இருக்கிற ஹீரோ, ஒரு வார்த்தை பீட்டர் விடாமல் சுத்தத் தமிழில் பேசுவதைக் கேட்க ஒரு தனி சுகம்.

பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது நம்ம ஊர் மசாலாப் படம். ஹாலிவுட்டில் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் யோசியுங்கள். அப்பாவைக் கொன்றவன் நீதான் என்று பழிவாங்க வருகிற நண்பன், தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்து, பழையபடி சிரித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறான். வில்லனுக்கு உடம்பு முடியாத ஒரு பெண் குழந்தை, அதன் வைத்தியத்துக்குத்தான் அவன் திருடவே போகிறான். ஹீரோ கெட்டவனாக மாறியதை நமக்குத் தெரிவிப்பது அவனுடைய ஹேர் ஸ்டைல். வீட்டில் காலம் காலமாக வேலை பார்த்த பெரியவர், எல்லாம் கைமீறிப் போனபிறகு வந்து "உங்க அப்பா எப்படி இறந்தார்னு எனக்குத் தெரியும்" என்கிறார் (இத்தனை நாள் என்ன ஐயா பண்ணிக்கொண்டிருந்தீர்கள்?). ஹீரோ உடம்பில் ஒட்டிக்கொண்ட கறுப்புச் சனியன் எப்படிப் போகிறது? சர்ச் மணி அடிக்க அடிக்கக் கத்திக்கொண்டே கழன்று போகிறது. சர்ச்சை எடுத்துவிட்டு அம்மன் கோயிலை வையுங்கள், ஆடி வெள்ளிக்கு ரிலீஸ் பண்ணலாம். கடைசியில் நண்பன் ஹீரோவுக்காகக் குத்து வாங்கி, சூரியன் உதிக்கிற நேரத்தில் மடியில் உயிரை விடுகிறான்.

அமெரிக்காவில் விமர்சகர்கள் பலர் அழுகை அதிகம், தற்செயல் அதிகம், ஒரே படத்தில் நாலு கதை என்று உட்கார்ந்து எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையை நாம் ஏன் இங்கே கடன் வாங்கினோம் என்று இப்போது புரியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஜூன் 15ல் ரஜினியின் சிவாஜி வந்தபோது நாங்கள் யாரும் லாஜிக் கேட்கவில்லையே! இங்கிலீஷ் படம் என்றால் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். உண்மையில் அதில் இரண்டு ஆட்டம் இருக்கிறது. ஒன்று ரோட்டில். பீட்டர் கையைச் சுண்டிக்கொண்டு, இடுப்பை வெட்டிக்கொண்டு, போகிற வருகிற பெண்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டே நடக்கிறான். 2007ல் நான் பீட்டரை மட்டும் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அந்தப் பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி முகத்தைச் சுளிக்கிறாள், இன்னொருத்தி இது என்னடா என்று திரும்பிப் பார்க்கிறாள். தன்னை எல்லாரும் ரசிக்கிறார்கள் என்று நினைப்பவன் பீட்டர் ஒருவன்தான். வாழ்நாள் முழுக்கப் பயந்தாங்கொள்ளியாக இருந்த பையனுக்குத் திடீரென்று திமிர் வந்தால் அவனுக்குத் தெரிந்த 'கெத்து' இவ்வளவுதான் என்று இயக்குநர் சாம் ரெய்மி காட்டுகிறார். நாங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தோம், படமும் அதே ஆளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஜாஸ் கிளப்பில். பீட்டரை விட்டுப் பிரிந்த காதலி மேரி ஜேன் அங்கே பரிமாறிக்கொண்டே பாடுகிற வேலை பார்க்கிறாள், பீட்டர் க்வென் என்கிற இன்னொரு பெண்ணை அழைத்துவந்து, பியானோவில் உட்கார்ந்து, மேஜை நாற்காலி மேலெல்லாம் ஏறி ஆடுகிறான். பார்ட்டியில் பியானோ முன்னால் உட்கார்ந்து பழைய காதலியைக் குத்திக்காட்டும் ஹீரோ! இது நம் தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளையிலேயே பார்த்த சீன். என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு "அந்தப் பொண்ணு பாவம்டா" என்றார். கதை ஒரு வரி தெரியாது அவருக்கு. அது சரியாகவே இருந்தது, ஏனென்றால் ஆட்டம் முடிந்த கைகலப்பில் பீட்டரின் கை பட்டு அவள் தரையில் விழுகிறாள். கூடவே கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த பையன் அங்கே சட்டென்று அமைதியாகிவிட்டான்.

மேரி ஜேன் விஷயத்தில் இன்னொன்று. அவள் நாடகத்தில் பாடியதைப் பத்திரிகையில் கிழித்துப் போட்டிருப்பார்கள். அழாத குறையாக வந்து சொல்கிறாள். பீட்டர் என்ன பண்ணுகிறான்? எனக்கும் இப்படித்தான் பேப்பரில் திட்டு விழும், மனசைத் தளரவிடாதே என்று தன் கதையை ஆரம்பித்துவிடுகிறான். காலேஜ் வயதில் 'நல்லாத்தானே சொல்றான்' என்று இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆன இப்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒன்றுமே சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்புச் சனியன் உடையாக வந்து ஒட்டுவதற்கு முன்னாலேயே இவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, அதைப் படம் மெதுவாக விதைத்திருக்கிறது.

அடுத்து, மணல். படத்தின் மிச்சமெல்லாம் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் இந்த ஒரு காட்சிக்காகப் பாருங்கள். மகளுக்காகத் திருடப் போன அந்த வில்லன், ஃபிளிண்ட் மார்க்கோ, சோதனைக்கூடத்துக் குழிக்குள் விழுந்து துகள் துகளாகிவிட்டான். காலையில் வெறும் மணல் மேடு. ஒரு துகள் உருள்கிறது, இன்னொன்று. மேடு எழும்பி ஒரு உருவம் மாதிரி ஆகிறது, சரிந்து விழுகிறது. மறுபடி எழுகிறது. பக்கத்தில் மகளின் போட்டோ இருக்கும் லாக்கெட் கிடக்கிறது, அதை எடுக்கக் கை நீட்டினால் விரல்களே உதிர்ந்துபோகின்றன. வசனம் கிடையாது, கிறிஸ்டோபர் யங்கின் இசை மட்டும்தான். காய்ந்த மணலில் வீடு கட்டப் பார்த்து ஏமாந்த மெரினாப் பிள்ளைகளுக்கு அந்த விரல்கள் உதிர்வது எப்படி இருக்கும் என்று தெரியும். மறுபடி மறுபடி கூட்டிச் சேர்த்து, கடைசியில் அதை எடுத்தே விடுகிறான். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்பதே மறந்துபோகிறது. மார்க்கோவாக நடித்த தாமஸ் ஹேடன் சர்ச் என்பவரை மணலில் புதைக்க வேண்டிய இடங்களில், ஆபத்தில்லாமல் இருக்கட்டும் என்று மக்காச்சோளக் கதிரின் சக்கையை அரைத்துப் பயன்படுத்தினார்களாம். இன்றைக்கு வருகிற படங்களில் நகரமே இடிந்து விழுகிறது, இந்த ஐந்து விரல் தருகிற பதைப்பு அதில் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, வாபஸ் வாங்காத பாதியையும் சொல்லவேண்டும்.

வெனம். பீட்டரை விட்டுக் கழன்ற கறுப்புச் சனியன் ஒரு போட்டோகிராபர்மேல் ஒட்டிக்கொண்டு உருவாகிற வில்லன். ரெய்மிக்கு அந்தப் பாத்திரத்தில் பிடிப்பே இல்லை, தயாரிப்பாளர் அவி ஆராட் வற்புறுத்தித்தான் சேர்த்தார். தான் முழுசாக நம்பாத பாத்திரங்களை வைத்து எடுத்ததால் படம் சரியாக வரவில்லை என்று ரெய்மியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். பார்த்தாலே தெரிகிறது. மோர் ஊற்றுகிற நேரத்தில் இலையில் பிரியாணி கொண்டுவந்து வைத்த மாதிரி, படம் முடியப்போகும்போது வந்து, பல்லைக் காட்டிவிட்டு, வெடித்துப்போகிறான். டோஃபர் கிரேஸ் பாவம், பொறாமைக்காரப் போட்டோகிராபராக அவர் நன்றாகவே செய்திருக்கிறார். க்வென்னுக்கும் ஒரு வேலையும் இல்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய குற்றம் வேறு. முதல் படத்தில் பீட்டர் ஒரு திருடனைத் 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறான், அந்த அலட்சியம்தான் பென் மாமாவின் உயிரைக் குடிக்கிறது. ஸ்பைடர்மேன் என்கிற ஆளே அந்த ஒரு தப்பிலிருந்துதான் பிறக்கிறான். மூன்றாம் படத்தில் வந்து, சுட்டது அவன் இல்லை, இந்த மணல்காரன், அதுவும் கை தவறி என்கிறார்கள். அப்படியென்றால் பீட்டர் இத்தனை நாள் சுமந்த பாரம்? இதை அன்றைக்கும் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

ஏறக்குறைய 258 மில்லியன் டாலர் செலவு, 890 மில்லியனுக்கு மேல் வரவு. இந்தியாவில் தமிழ், தெலுங்கு, இந்தி போதாதென்று போஜ்புரியில்கூட வந்தது. அப்படியும் நாலாவது பாகம் 2010ல் கைவிடப்பட்டு, 2012ல் புது ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.

கடைசியில் மார்க்கோ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நிற்க, பீட்டர் மன்னித்துவிட்டேன் என்கிறான், அவன் மணலாகக் கரைந்து நகரத்தின் மேல் காற்றோடு போகிறான். தியேட்டரில் அந்த இடத்தில் நாங்கள் ஊளையிட்டோம் என்று நினைவு. இந்தத் தடவை வீட்டில் சத்தமே இல்லை. டைட்டில் ஓட ஆரம்பித்ததும் பையன் கேட்டான்:

"மாமா, அந்தப் பாப்பாவுக்கு உடம்பு சரியாச்சா இல்லையா?"

படத்தில் சொல்லவே இல்லை. எங்காவது காட்டிவிட்டு நான்தான் கவனிக்கவில்லையோ என்று ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இல்லை.