பயோபிரிட்ஜ்: கொழுகொம்பாக ஒரு கொலாஜன் நூல்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் கை வீங்கியவர்கள், “உள்ளே நூல் வைத்தால் சரியாகிவிடுமாமே” என்று கேட்பது பயோபிரிட்ஜ் என்ற இந்த நூலைப் பற்றித்தான். தயாரிப்பது அமெரிக்காவின் ஃபைப்ராலைன் நிறுவனம். மூலப்பொருள், பன்றியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த டைப் 1 கொலாஜன் என்ற நார்ப்புரதம்.

சிறப்பு இழைகளின் அடுக்கில் இருக்கிறது. தழும்பில் கொலாஜன் சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி கிடக்கும். இந்த நூலிலோ நானோ இழைகள் எல்லாம் வாரிவிட்டதுபோல ஒரே திசையில் இருக்கும். திசுவில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநாளங்களின் செல்கள் அந்தத் திசையைப் பற்றிக்கொண்டு நகரும். இதைக் குழாய் என்று நினைத்து வருபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இது கொடிக்கு நடும் கொழுகொம்பு. கொடி படர மாதங்கள் ஆகும்.

நூலைவிட, அதை வைக்கும் இடம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. முதலில் விரல் இடுக்குத் தோலில் ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற பச்சைச் சாயத்தை ஊசியால் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்க்க வேண்டும். வேலை செய்யும் நாளங்கள் கோடுகளாகத் தெரியும். கசியும் இடம் புகைபோலப் பரவும். தோலடிக் கொழுப்பில் செலுத்தும் நூலின் ஒரு முனை உயிருள்ள நாளத்தருகேயும், மறுமுனை தழும்பைத் தாண்டி நல்ல பகுதியிலும் நிற்க வேண்டும். முனை தழும்புக்குள்ளேயே நின்றுவிட்டால் வைத்தது வீண். மேலாக வைத்தால் கயிறுபோல நெருடும், தோலைத் துளைத்து வெளியேவும் வரலாம். கதிர்வீச்சு பட்ட தோலில் இந்த ஆபத்து கூடுதல். கை சிவந்து காய்ச்சலோடு இருந்தால், தொற்று அடங்கும்வரை கத்தி வைக்கவே கூடாது.

யாருக்குப் பயன்படாது? கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் நீர். நாள்பட்ட வீக்கத்தில் குழி விழவில்லையென்றால் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்துவிட்டன. நூல் கொழுப்பைக் கரைக்காது. அதற்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன்தான் வழி.

ஆதாரம் நம்பிக்கை தருகிறது, ஆனால் மெலிந்தது. 2016-ல் வெளியான குட்டையினப் பன்றி ஆய்வில் நூலை ஒட்டிப் புதிய நிணநாளங்கள் காணப்பட்டன. மனிதர்களிடம் வெளியானவை சிறு குழுக்கள். வேறிடத்து நிணநீர்க் கணுவை எடுத்துப் பொருத்தும் கணு மாற்று அறுவையோடு சேர்த்து வைக்கும்போது எதனால் வீக்கம் வடிந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்ததும் மென்திசுவுக்கு வலுவூட்டும் பொருளாகத்தான். அதை வீக்கம் தீருவதற்கான சான்றிதழாகக் காட்டுவது சரியல்ல.

பலனை டேப்பால் அளக்கலாம். மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஓரிடமாகச் சுற்றளவு எடுங்கள். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் 3.14-ஆல் வகுத்தால் அந்தத் துண்டின் கன அளவு மி.லி.யில் வரும்: 28 செ.மீ. என்றால் சுமார் 250. எல்லாவற்றையும் கூட்டி, மறு கையோடு ஒப்பிடுங்கள். நேரம் ஒன்றாக இருக்கட்டும். மாலையில் கை தானாகவே கொஞ்சம் பருக்கும்.

கையை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்லீவைக் (இறுக்கமான கை உறை) கழற்றிவிடலாம் என்று சொல்லி இதை விற்றால் நம்பாதீர்கள். அதே வாரத்தில் புது ஸ்லீவுக்கும் மாறாதீர்கள். அதன் பலன் நூலின் கணக்கில் ஏறிவிடும்.

யானைக்கால் வீக்கத்தின் கதை வேறு: அதில் சேதம் நூலால் தாண்டக்கூடிய ஓரிடத்து இடைவெளி அல்ல. புழுக்கள் நாளத்தையே நெடுக விரித்துக் கெடுத்திருக்கும். தினமும் சோப்புப்போட்டுக் கழுவித் துடைப்பது, விரலிடுக்குப் புண்ணை ஆற்றுவது, காலை உயர்த்தி வைப்பது ஆகியவையே அங்கு முதல் சிகிச்சை. பன்றிக் கொலாஜன் என்பதை மதக் காரணமோ ஒவ்வாமையோ உள்ளவர்களிடம் சம்மதப் படிவத்தை நீட்டும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.