மூளையைப் பார்க்க எந்தக் கருவி? ஈ.ஈ.ஜி, எஃப்.எம்.ஆர்.ஐ, டி.எம்.எஸ்: ஓர் ஒப்பீடு

"பாட்டி இட்லியைச் சட்னியில் தொட்டுப் படித்தாள்." கடைசிச் சொல்லில் மூளை இடறுகிறது. எப்போது இடறியது? மூளையின் எந்த இடத்தில்? அந்த இடம் வேலை செய்யாவிட்டால் இடறியிருக்குமா? இந்த மூன்றுக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது. முதல் கேள்விக்கான கருவியை வைத்துக்கொண்டு இரண்டாவதற்குப் பதில் எழுதும்போதுதான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன.

'எப்போது' என்றால் ஈ.ஈ.ஜி., அதாவது தலைமேல் எலெக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலையைப் பதிவது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து பதிவுசெய்து, 1929இல் வெளியிட்ட முறை இது. இன்று 32 அல்லது 64 எலெக்ட்ரோடு, விநாடிக்கு 500 முதல் 1000 அளவீடு. பொருள் பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லி விநாடியில் எதிர்மறை அலை ஒன்று எழுவதை மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் காட்டினார்கள். அதற்கு என்400 என்று பெயர். (தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இந்தச் சோதனைக்கு வாக்கியம் அமைப்பது சுலபம்.)

அலையின் உயரம் சில மைக்ரோவோல்ட்தான். பின்னணியில் ஓடும் மூளை அலையோ பல பத்து மைக்ரோவோல்ட். ஒருமுறை கண் சிமிட்டினாலே நூறைத் தாண்டும். அதனால் பொருந்தும் சொல், பொருந்தாத சொல் என ஒவ்வொரு வகையிலும் நாற்பது வாக்கியமாவது காட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படியே குறையும். நாற்பதில் கிடைத்த இரைச்சலைப் பாதியாக்க எண்பது போதாது, நூற்றறுபது வேண்டும்.

நம் ஊரில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெயோ கண்டிஷனரோ இல்லாமல் வரச் சொல்ல வேண்டும். மூக்கின் வேர்ப் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, 10, 20 விழுக்காட்டுத் தூரங்களில் எலெக்ட்ரோடு வைப்பார்கள். தோலை லேசாகத் தேய்த்து ஜெல் இட்டு, மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவது பழைய விதி. புதிய ஆம்ப்ளிஃபயர்கள் இதைவிட அதிகத்தையும் தாங்கும். ஜெல் அதிகமாகிப் பக்கத்து எலெக்ட்ரோடைத் தொட்டால் இரண்டும் ஒரே அலையைக் காட்டும். வியர்த்தால் கோடு மெல்ல மேலும் கீழும் அலையும். பல்லைக் கடித்தால் வரும் தசைச் சிக்னல், காமா எனப்படும் வேகமான மூளை அலை போலவே இருக்கும்.

ஆனால் 'எங்கே' என்று ஈ.ஈ.ஜி.யைக் கேட்டால் ஊகம்தான் வரும். மண்டையோடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, சிக்னலைப் பரப்பிவிடும். தலைமேல் தெரியும் ஒரே அமைப்பை உள்ளே எத்தனையோ விதமான மூலங்கள் உண்டாக்கியிருக்கலாம். என்400ஐயே பாருங்கள்: எழுத்தில் படிக்கும்போது அது தலையின் நடு-பின்பகுதியில், சற்று வலப்பக்கம் சாய்ந்து தெரியும். அதன் முக்கிய மூலமாகக் கருதப்படுவதோ இடது பொட்டு மடல் (காதுப் பக்கமுள்ள மூளைப் பகுதி).

எஃப்.எம்.ஆர்.ஐ. நேர் எதிர். ஆக்சிஜன் இழந்த ரத்தமே எம்.ஆர்.ஐ. படத்தில் இயற்கையான அடையாளமாகப் பயன்படும் என்று செய்ஜி ஒகாவா 1990இல் காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனசதுரம் வரை இடம் சொல்லும். அளப்பது நரம்பணுவை அல்ல, அதற்குப் பின்னால் ஓடிவரும் ரத்தத்தை. அந்த ரத்தம் உச்சத்தை எட்ட 5, 6 விநாடி. அடங்க 15 விநாடிக்கு மேல். 400 மில்லி விநாடி இடறல் இதில் கரைந்துபோகும்.

3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் சிக்னலில் கிடைக்கும் மாற்றம் ஒன்றிரண்டு விழுக்காடு. தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் வரும். வாய்விட்டுப் பதில் சொல்லச் சொன்னால் தாடை அசைவே மூளைச் செயல்பாடு போலப் படத்தில் ஒளிரும். பொத்தானை அழுத்தச் சொல்வது மேல். இன்னொரு பொறி: சைனஸ் காற்றறைக்கும் காதுக்கும் அருகே காந்தப்புலம் சிதைந்து, பொட்டு மடலின் அடிப்பகுதியிலும் கண்குழிக்கு மேலேயும் சிக்னலே காணாமல் போகும். சொற்பொருளுக்கு முக்கியமான இடங்கள் அங்கேயும் உள்ளன. 'செயல்பாடு இல்லை' என்று எழுதும் முன், அங்கே சிக்னல் இருந்ததா என்று மூலப்படத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது கணக்கு. ஒரு லட்சம் கனசதுரங்களைத் தனித்தனியாக 5 விழுக்காட்டு வரம்பில் சோதித்தால் ஐயாயிரம் தற்செயலாகவே ஒளிரும். 2009இல் கிரெய்க் பென்னெட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து, இத்தனை சோதனைகளுக்கு ஏற்ப வரம்பைத் திருத்தாவிட்டால் அதன் மூளையும் 'யோசிக்கும்' என்று காட்டியது.

எம்.ஈ.ஜி. இரண்டுக்கும் நடுவே. மூளையின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை அளப்பது. காந்தப்புலத்தை மண்டையோடு அதிகம் கலைக்காது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர் முகத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால் இல்லாத கையில் உணர்வு வருவதைக் கண்டார். மூளையில் கைக்குரிய இடத்தை முகம் பிடித்துக்கொண்டதைப் பின்னர் எம்.ஈ.ஜி. உறுதிசெய்தது. வழக்கமான கருவிக்குத் திரவ ஹீலியமும் காந்தத் தடுப்பு அறையும் வேண்டும் என்பதால் வசதியுள்ள இடங்கள் குறைவு. கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன், டோபமின் போன்ற வேதிப்பொருளைப் பற்றிய கேள்விக்கு மட்டும். கதிரியக்கத்தைச் செலுத்தி இட்லி வாக்கியம் காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்விக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. ஓரிடம் ஒளிர்ந்தால் அது அவசியம் என்று ஆகாது. பழைய வழி, காயம்பட்ட மூளை. 1861இல் பால் புரோக்கா, 'டான்' என்பதைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் சொல்ல முடியாத லெபோர்ன் என்பவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து இடது முன்மடலைச் சுட்டினார். பாதுகாக்கப்பட்ட அந்த மூளையை 2007இல் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சேதம் அவர் சொன்னதைவிட ஆழத்துக்குப் போயிருந்தது. பக்கவாதம் ரத்தக்குழாயின் எல்லைப்படி அழிக்குமே தவிர, நாம் வரைந்த வரைபடப்படி அழிக்காது.

ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் 1985இல் தொடங்கிய டி.எம்.எஸ்., காந்தத் துடிப்பால் ஓரிடத்தைச் சற்று நேரம் குழப்பும். அளவை நிர்ணயிக்க, பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது கைத்தசையில் 50 மைக்ரோவோல்ட் வரும் வலிமையைக் கண்டுபிடிப்பார்கள். 8 வடிவக் கம்பிச்சுருளால் 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் எட்டும்; ஆழத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியை நேரடியாகத் தொட முடியாது. பொட்டில் வைத்தால் தாடைத் தசை துடித்து, அந்த எரிச்சலிலேயே பதில் தாமதமாகும். உச்சந்தலையில் வைத்து ஒப்பிடுவது வழக்கம், ஆனால் அங்கே முகம் துடிக்காது. பக்கத்துப் பகுதி ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பதே நம்பகமானது. வலிப்பு வரலாறோ தலையில் உலோகமோ உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது.

ஈ.ஈ.ஜி. தொப்பியோடு எம்.ஆர்.ஐ.க்குள் அனுப்பினால் இரண்டும் கிடைக்குமே என்று தோன்றும். ஸ்கேனர் எழுப்பும் மின்குறுக்கீடு மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. இதயத்துடிப்பும் எலெக்ட்ரோடை ஆட்டும். சுத்தம் செய்ததில் மிஞ்சுவது எது என்ற சந்தேகம் போகாது. எப்போது வரும் என்று தெரியாத, திரும்ப வரவழைக்க முடியாத வலிப்புக் கூர்முனைக்கு (வலிப்பு நோயில் திடீரென எழும் கூர்மையான மூளை அலை) அந்தச் சிரமம் தகும். இட்லி வாக்கியத்தை இன்னொரு நாளும் காட்டலாம்: ஒருநாள் ஈ.ஈ.ஜி., மறுவாரம் எஃப்.எம்.ஆர்.ஐ., வாக்கியங்களை மட்டும் மாற்றி.