கறளைக் காய்ச்சிக் கறுப்பாக்கிய உளிகள்: சில மாரி கடந்த பிறகு

மாங்குளத்தில் தச்சு வேலை செய்யும் மச்சான் போன கிழமை கேட்டார்: "உன்ர உளியெல்லாம் இன்னும் கறுப்பா நிக்குதே, வெளிநாட்டிலயிருந்து வந்த அந்தப் போத்தல் மருந்தோ? எனக்கும் ஒண்டு எடுப்பிச்சுத் தாவன்." அந்தப் போத்தலுக்கு இன்னொருவர் காசைக் கரைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எயார் ரைபிள் வைத்திருப்பவர்கள் குழலில் கைபட்டுத் தேய்ந்த இடத்தைத் திருத்துவதற்கென்று விற்கப்படும் சாமான் அது. கோல்ட் புளூ (cold blue) என்பார்கள். சூடாக்கத் தேவையில்லை. எண்ணெய்ப்பசையைப் போக்கிவிட்டுப் பஞ்சில் தோய்த்துத் தேய்த்தால் கண்முன்னே இரும்பு கறுக்கும். நியாயமாகச் சொன்னால், ஒரு ஸ்குரூத் தலையையோ ஒரு கீறலையோ மறைக்க அதைப்போல வசதியானது இல்லை. ஆனால் அது செம்பும் செலீனியமும் சேர்ந்து மேலே படியும் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். முதிரைப் பலகையில் கொஞ்ச நாள் வேலை செய்தால் பெருவிரல் படும் இடம் வெளிறிவிடும். செலீனியம் நஞ்சு என்பதால் கையுறையும் போட வேண்டும். கறள் பிடிக்காது என்று போத்தலில் எழுதியிருந்தார்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கறள் பிடித்தது.

புது உளி வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: இவை அப்பாவின் சாமான்கள். இடம்பெயர்வதற்கு முன் உரப்பையில் சுற்றி வளவில் தாட்டுவிட்டுப் போனவை. மீள்குடியேறி வந்து கிண்டியபோது பை உக்கிப்போயிருந்தது. உளிகள் ஒன்றோடொன்று கறளால் ஒட்டியிருந்தன. வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தபோது உள்ளே நல்ல உருக்கு அப்படியே இருந்தது, மேலே மட்டும் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக. அந்தக் குழிகளில் போத்தல் மருந்து ஒழுங்காகப் பிடிக்கவேயில்லை.

அப்புறம்தான் பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் குழலுக்குச் செய்த முறைக்கு வந்தேன். இரும்பை வேண்டுமென்றே கறள் பிடிக்கவைத்து, அந்தக் கறளையே காய்ச்சிக் கறுப்பாக்குவது. பாமசியில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் கொஞ்சம் வினாகிரியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து இரும்பில் மெல்லிசாகப் பூச வேண்டும். (நான் போட்டது ஆனையிறவு உப்பு.) சிறிது நேரத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கறள் எழும். உளியின் காம்பில் கம்பி கட்டி, கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும்.

இதில் எனக்குத் தீராத சந்தோஷம் அந்தப் பத்து நிமிடம்தான். சிவப்பாக இறங்கிய உளி கறுப்பாக ஏறி வரும். சிவப்புக் கறள் கொதிநீரில் மக்னடைட் என்ற கறுப்பு ஒக்சைட்டாக மாறிவிடுகிறது. வெளியிலிருந்து எதையும் பூசியதில்லை, இரும்பே தந்த நிறம். வெளியே எடுத்ததும் சூட்டில் தண்ணீர் தானாகக் காய்ந்து, வெல்வெட் துணி போன்ற ஒரு கறுப்புத் தூள் மேலே நிற்கும். எண்ணெய் போக்கிய ஸ்டீல் வூலால் அதை மெதுவாகத் தடவி எடுத்தால் கீழே மங்கலான சாம்பல் நிறம் தெரியும். மறுபடி பூசு, காய்ச்சு, தடவு. குறைந்தது நாலைந்து சுற்று போனால்தான் ஆழமான கறுப்பு வரும். குழிக்குள்ளும் அதே கறுப்பு, ஏனென்றால் கறள் போகாத குழி கிடையாது.

உளியின் பதம், அதாவது உருக்கின் கடினம், போய்விடாதா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. பதம் பார்க்கும் சூடு 200 பாகை செல்சியஸை ஒட்டித் தொடங்குவது, தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். நெருப்பில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கறுப்பாக்கும் முறையைத்தான் உளிக்குச் செய்யக் கூடாது. கோஸ்டிக் சோடாவும் நைத்திரேற்றும் கலந்து 140 பாகை அளவில் கொதிக்கவைக்கும் தொழிற்சாலை முறையும் ஒன்று இருக்கிறது. பரந்தன் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் கோஸ்டிக் சோடா செய்த ஊர்க்காரர் நாங்கள், அது தோலில் பட்டால் என்ன செய்யும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் முக்கியம். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சினால் கேத்தலின் அடியில் படிவதுபோல உளியிலும் வெள்ளை படியும். மழைத் தண்ணீர் அல்லது கராஜில் விற்கும், காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர்தான் சரி (பற்றரி அசிட் அல்ல). கடைசிச் சுற்று முடிந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை காய்ச்சி உப்பையும் புளிப்பையும் போக்கிவிட்டு, சூடு ஆற முன்னமே எண்ணெய் பூச வேண்டும்.

சரி, இவ்வளவு புகழ்ந்தாயிற்று. எரிச்சலையும் சொல்ல வேண்டும். வேர்வை. இந்தக் கறுப்பும் கறளைத் தடுக்காது. அது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், தடுப்பது அந்த எண்ணெய்தான். கோடையில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் யாராவது உளியை வாங்கி வேலை செய்துவிட்டு அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனால், காலமை அவர்களுடைய விரல் அடையாளம் ரேகை ரேகையாகச் சிவப்பில் நிற்கும். யார் எடுத்தது என்று கேட்கவே தேவையில்லை. ஒவ்வொரு பின்னேரமும் துடைத்து, தையல் மெசின் ஒயில் தடவி வைக்க வேண்டும். கையால் பிழைக்கிறவனுக்கு அந்த நேரம் சும்மா வருவதில்லை. எண்ணெயை அப்படியே பலகைக்குக் கொண்டுபோனால் பொலிஷ் பிடிக்காமல் இன்னொரு தலையிடி.

அதனால் யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போத்தலும் வேண்டாம், காய்ச்சுவதும் வேண்டாம், பளிச்சென்ற இரும்பாகவே வைத்து எண்ணெய் பூசுங்கள். எப்படியும் பூசத்தானே வேண்டும். நான் மட்டும் தை பிறந்ததும் அப்பாவின் சீவுளித் தகட்டை மறுபடி காய்ச்சப் போகிறேன். பற்றரித் தண்ணீர் வாங்கி வைத்தாயிற்று.